நத்தைக் காலத்து நாட்குறிப்பு: கட்ர் போர்ன், மொரீசியஸ்

26 நவம்பர் 2023, ஞாயிறு

மாலைதோறும் மழை பிடித்துக்கொண்டதிலிருந்து செண்டுமல்லி நாற்றங்காலின் கீழ்வரிசையில் காம்புகள் மட்டுமே நிற்கின்றன. புழு தின்றிருந்தால் இலைக்கடியில் எச்சம் உருண்டை உருண்டையாகக் கிடக்கும். இங்கே அது இல்லை. சுவரோரக் கல்லிலிருந்து பாத்திவரை உலர்ந்த சளித்தடம் பளபளக்கிறது. நாற்றுகளின் குருத்தும் மென்தண்டும் போயிருக்க, முற்றிய அடியிலை அப்படியே விடப்பட்டிருக்கிறது. நத்தையின் வேலைதான் இது.

தைப்பூசத்துக்குள் இவை பூக்க வேண்டுமானால் நடவு இந்த வாரத்திலேயே முடிந்தாக வேண்டும். கோர் தெ கார்த் மலைச்சரிவிலுள்ள முருகன் கோயிலுக்கு எங்கள் வீட்டுப் பூவைக் கொண்டுபோவது என் தகப்பனார் காலத்திலிருந்து தொடரும் வழக்கம். ஆகவே மே மாதம் வரை நீளும் இந்த ஈரப் பருவம் முழுவதும் நத்தையைத் தோட்டத்திலிருந்து விலக்கி வைக்க என்னென்ன செய்கிறேன், எது பலிக்கிறது என்பதை இங்கே எழுதிவரப் போகிறேன். நம் தீவில் கீரையும் கொத்தமல்லியும் பயிரிடும் எல்லாருக்கும் உள்ள தொல்லை இது.

3 டிசம்பர் 2023, ஞாயிறு

இருட்டி இரண்டு மணி நேரம் கழித்துக் கைவிளக்குடன் போனால்தான் இந்தப் பிராணியைச் சந்திக்க முடியும். அதன் உடல் பெரும்பாலும் நீர். நகர்வதற்கும் சளியாக நீரையே செலவிடுகிறது. அதனால் வெயிலில் அது வெளியே வருவதில்லை. மழை விட்ட இரவும் காற்றில்லாத ஈரமான விடியற்காலையும்தான் அதன் நேரம்.

எங்கள் தோட்டத்தில் இரண்டு வகை மேய்கின்றன. ஒன்று ஊரெங்கும் ‘கூர்ப்பா’ என்று சொல்லும் பெரிய ஆப்பிரிக்க நத்தை. கூம்பு வடிவ ஓட்டில் பழுப்புக் கோடுகள் ஓடும். முழு வளர்ச்சியில் உள்ளங்கை நீளத்துக்குக் குறையாது. மற்றொன்று ஓடில்லா நத்தை. கறுத்துத் தட்டையாக, தோல் துண்டு ஒன்று தரையில் கிடப்பது போலத் தோன்றும். பெரியது பூசணிக் கொடியையும் பப்பாளிக் கன்றையும் தின்னும். ஓடில்லாதது மண்ணின் இடுக்குகளில் ஒளிந்திருந்து, முளைத்து இரண்டு இலை விட்ட நாற்றை அடியோடு அறுத்துவிடும்.

கையுறை அணிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மூடியுள்ள வாளியில் போட்டேன். கையால் பொறுக்குவதைவிடச் சிறந்த வழி உண்டா என்று பலரும் தேடுகிறார்கள். தொடர்ந்து பல இரவுகள் செய்தால் இதற்கு ஈடான வழி இல்லை என்பதே என் எண்ணம். ஏனென்றால், முட்டையிடும் பருவத்திலுள்ள ஒரு நத்தையை எடுத்தால் நூற்றுக்கணக்கான குஞ்சுகளையும் சேர்த்தே எடுத்ததாகிறது.

16 டிசம்பர் 2023, சனி

பெரிய நத்தைக்குப் பகலில் ஒதுங்கிய இடத்துக்கே திரும்பும் பழக்கம் உண்டு. ஆகவே சளித்தடத்தைப் பாத்தியை நோக்கிப் பார்ப்பதை விட்டு, அது எங்கிருந்து புறப்பட்டது என்று எதிர்த்திசையில் பார்த்துக்கொண்டு போவதே பயன் தரும். இன்று காலை அப்படிப் போனதில் தடம் கரும்புத் தோகை மூடாக்குக்குள் நுழைந்தது.

மண்ணின் ஈரம் காக்கவும் களை அடக்கவும் கரும்புத் தோகையைவிட மலிவான பொருள் இந்தத் தீவில் கிடையாது. அதை விட்டுவிட எனக்கு மனமில்லை. ஆனால் மழைக்காலத்தில் நாற்றைச் சுற்றி அதைக் கனமாகப் பரப்பினால் நத்தைக்குப் பகல் முழுவதும் குளிர்ந்த கூரை அமைத்துத் தந்ததாகும். அதனால் இளஞ்செடிகளைச் சுற்றி ஒரு முழம் அகலத்துக்குத் தோகையை வாரி, மண்ணைத் திறந்து விட்டேன். செடி முழங்கால் உயரம் வளர்ந்து தண்டு முற்றிய பிறகு திரும்பப் பரப்பிக்கொள்ளலாம்.

தோகையை வாரியபோது மண்ணில் ஒரு விரல் ஆழத்தில் முட்டைக் குவியல் கிடைத்தது. மிளகை ஒத்த அளவில், வெளிர் மஞ்சளாக, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஒரே ஈட்டில் நூறு முதல் நானூறு வரை இடக்கூடிய பிராணி இது. ஆண் பெண் இரண்டும் ஒரே உடலில் இருப்பதால் வளர்ந்த ஒவ்வொன்றும் முட்டையிடும். இந்த வெப்பத்தில் இரண்டு மூன்று வாரங்களுக்குள் குஞ்சு பொரித்துவிடும். முட்டைகளைக் கல்லின்மேல் வெயிலில் பரப்பினேன், உச்சிவேளைக்குள் சுருங்கிவிட்டன.

தண்ணீர் விடும் நேரத்தையும் மாற்றிவிட்டேன். மாலையில் பூவாளியால் தெளித்தால் இரவு மேய்ச்சலுக்கு ஈரப்பாதை போட்டுக் கொடுப்பதாகிறது. விடியலில் வேரடியில் ஊற்றினால் இருட்டுவதற்குள் மேல்மண் காய்ந்துவிடும். செலவே இல்லாத இந்த ஒரு மாற்றத்தைத்தான் முதலில் செய்யுமாறு எல்லாரிடமும் சொல்வேன்.

30 டிசம்பர் 2023, சனி

முட்டை ஓட்டைப் பற்றி எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். நொறுக்கிச் செடியைச் சுற்றித் தூவினால் கூர்முனை குத்தி நத்தை திரும்பிப் போய்விடுமாம். உண்மையில் அது தன் சளியின்மேல் ஊர்கிறது. கத்தி விளிம்பைக்கூடக் காயமின்றிக் கடந்துவிடும். போதாதற்கு, ஓடு வளர்க்கச் சுண்ணாம்புச் சத்துத் தேவைப்படும் பிராணிக்கு முட்டை ஓடு உணவே ஆகிறது. வெள்ளையடித்த சுவரை இவை இரவில் சுரண்டுவதும் அதற்காகத்தான். இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் முட்டை ஓடு, செம்புப் பட்டை, கூர்மணல், மரப்பட்டைத் துண்டு, ஆட்டு ரோமக் குருணை ஆகிய ஐந்தையும் கீரைச் செடிகளைச் சுற்றி இட்டுப் பார்த்து, எதுவுமே இடாத செடிகளுக்கு நேர்ந்த சேதத்துக்கும் இவற்றுக்கும் வேறுபாடு இல்லை என்று 2018-இல் அறிவித்தது. அங்குள்ள நத்தை வேறு இனம்தான் என்றாலும் ஊரும் முறை ஒன்றே.

அடுப்புச் சாம்பல் காய்ந்திருக்கும்வரை வேலை செய்கிறது. ஒரு தூறல் போதும், பயனற்றுப் போகும். உப்பை எவரும் தோட்டத்தில் கொட்டக் கூடாது. நத்தை சாவது உண்மைதான், ஆனால் மண்ணும் அதோடு கெடும்.

பலிப்பது ஈரச்சாக்கு. பழைய சணல் சாக்கை நனைத்து, அடியில் பப்பாளித் தோலும் முட்டைகோசின் வெளியிலையும் வைத்துப் பாத்தியோரம் விரித்தால் இரவு மேய்ந்தவை விடியலில் அங்கே ஒதுங்குகின்றன. வெயில் ஏறுமுன் சாக்கைப் புரட்டி எடுத்துவிடலாம். ஓடில்லா நத்தைக்குக் கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்துச் சிறிது ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவிட்டு, கிண்ணத்தை மண்ணில் விளிம்புவரை புதைத்து வைக்கிறேன். புளித்த மணத்துக்கு அது வந்து விழுகிறது.

7 ஜனவரி 2024, ஞாயிறு

பக்கத்து வீட்டு அம்மா அன்போடு ஒரு பொட்டலம் நீலக் குருணை கொண்டுவந்தார். “ஐயா, ராத்திரியில் குனிந்து குனிந்து ஏன் சிரமப்படுகிறீர்கள்? இதைத் தூவினால் காலையில் எல்லாம் செத்துக் கிடக்கும்” என்றார். பொட்டலத்தில் மெட்டால்டிஹைடு என்று எழுதியிருந்தது. “உங்கள் வீட்டு நாய்க்குட்டி வேலிக்கடியில் புகுந்து இங்கே வருகிறதே, அம்மா” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இந்த மருந்து நத்தையின் சளியை எல்லாம் வெளியேற்றி உலர்த்திக் கொல்வது. ஆனால் குருணையில் தவிடும் மாவும் கலந்திருப்பதால் நாய் விரும்பித் தின்னும். தின்றால் நடுக்கமும் வலிப்பும் காணும். இதற்கென்று தனி மாற்றுமருந்தும் கிடையாது. பிரிட்டனில் 2022 ஏப்ரல் முதல் வெளித்தோட்டங்களில் இதைப் பயன்படுத்தத் தடை இருக்கிறது. குருணை போட்டே ஆக வேண்டும் என்பவர்கள் இரும்பு பாஸ்பேட்டைத் தேடி வாங்கட்டும். அதைத் தின்ற நத்தை தீனியை நிறுத்தி, எங்கேனும் ஒதுங்கிச் சில நாட்களில் சாகும். பிணம் கண்ணில் படாததால் மருந்து பலிக்கவில்லை என்று மேலும் மேலும் தூவக் கூடாது.

17 ஜனவரி 2024, புதன்

பொங்கலன்று பெலால் புயல் கடந்தது. போர்ட் லூயிஸில் வெள்ளம் வாகனங்களையே இழுத்துப்போயிருக்கும்போது என் தோட்டத்தைப் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது. பீர்க்கம்பந்தல் சாய்ந்தது; செண்டுமல்லியில் பாதிக்குமேல் தப்பியது.

வெள்ளம் வடிந்த தோட்டத்தில் நத்தைகள் புதிதாக வந்து சேரும். ஓடைக்கரையிலிருந்தும் காலி மனைகளிலிருந்தும் அடித்து வரப்பட்டவை வேலியோரக் குப்பையில் தங்கியிருக்கின்றன. ஆகவே புயலுக்குப் பின் முறிந்த கிளையையும் சருகையும் குவித்துவைக்காமல் உடனே அப்புறப்படுத்துவது நல்லது.

20 ஜனவரி 2024, சனி

காவடி விரதம் தொடங்கிவிட்டது. தைப்பூசம் முடியும்வரை இந்தக் கையால் எதையும் கொல்லப் போவதில்லை. பொறுக்கிய நத்தையைச் சுவருக்கப்பால் எறிவதும் எனக்கு ஒப்பாது. அது அடுத்தவர் கீரையைத்தான் தின்னும், அல்லது இரண்டொரு இரவில் திரும்பி வரும்.

ஆதலால் இந்த நாட்களில் தடுப்பு ஒன்றையே நம்புகிறேன். கொத்தமல்லித் தட்டுகளையும் மிளகாய் நாற்றையும் பந்தல் கம்பியில் தொங்கவிட்டேன். கம்பி வழியே இறங்க நத்தையால் முடியாதென்று இல்லை. ஆனால் தரையில் நூறு வழி உள்ள பிராணிக்கு இங்கே ஒரே வழிதான் உண்டு, அதுவும் வெயிலில் காய்ந்த மெல்லிய கம்பி. தரையிலுள்ள செடிகளுக்கு அடிப்பக்கம் வெட்டிய பிளாஸ்டிக் குடுவைகளைக் கவிழ்த்து, விளிம்பு மண்ணுக்குள் இறங்கும்படி அழுத்தியிருக்கிறேன். மூடியைக் கழற்றிவிட்டால் காற்றும் போகும்.

11 பிப்ரவரி 2024, ஞாயிறு

பூசத்தன்று பூ எடுத்துப்போக முடிந்தது. கையுறையும் வாளியும் மறுபடி வேலைக்கு வந்துவிட்டன. பொறுக்கியவற்றின்மேல் கொதிநீர் ஊற்றிவிடுகிறேன், நொடியில் முடிந்துவிடுகிறது. பிறகு ஆழக் குழிதோண்டிப் புதைக்கிறேன்.

இன்று பேத்தியை மக்காபே காட்டுக்கு அழைத்துப் போயிருந்தேன். இலைக்கடியில் விரல்நகத்தைவிடச் சிறிய நத்தை ஒன்றைக் கண்டு, “தாத்தா, இதையும் எடுத்துவிட வேண்டுமா?” என்று கேட்டாள். கூடாது என்றேன். வீடு திரும்பும் வழியெல்லாம் அதற்கான காரணத்தைச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

மொரீசியஸின் பெரிய நத்தை இம்மண்ணுக்குரியதன்று. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இங்கே பெருகியது. 1847-இல் பென்சன் என்ற நத்தை ஆய்வாளர் மொரீசியஸிலிருந்து சிலவற்றைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோக, அங்கே ஒரு தோட்டத்தில் விடப்பட்டு இந்தியாவிலும் பரவியது. நம் முன்னோர் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறி இங்கே வந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், இந்த நத்தை இங்கிருந்து எதிர்த்திசையில் கப்பலேறியிருக்கிறது. இன்று கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் வாழைக்கும் காய்கறிக்கும் அது பெரும் பகை.

அதை ஒழிப்பதற்காக 1960-ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவின் புளோரிடாப் பகுதிக்குரிய ஊன் தின்னும் இளஞ்சிவப்பு நத்தையை இங்கே இறக்கினார்கள். சளித்தடத்தை மோப்பம் பிடித்துத் துரத்தி மற்ற நத்தையைத் தின்பது அதன் இயல்பு. அது வளர்ந்த பெரிய நத்தையை விட்டுவிட்டு, விழுங்க எளிதான சிறு நத்தைகளைத் தேடிப்போயிற்று. அவற்றில் உலகில் வேறெங்கும் இல்லாத நம் காட்டு நத்தைகளும் உண்டு. காடழிப்பும் எலியும் இந்த வேட்டை நத்தையும் சேர்ந்து, மொரீசியஸுக்கே உரிய நத்தை இனங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அழிந்துவிட்டது. பசிபிக்கில் மோரேயா தீவில் 1977-இல் அதே நத்தையை விட்டார்கள். சில ஆண்டுகளில் அத்தீவின் பார்த்துலா நத்தைகள் காட்டில் இல்லாமல் போயின. கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று 1922-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த தேரையோ இன்று தீவெங்கும் இருக்கிறது, வண்டும் இருக்கிறது.

இந்த வரலாற்றை அறிந்தபின், நத்தையைத் தின்ன இன்னொரு பிராணியைக் கொண்டுவரலாம் என்று எவர் சொன்னாலும் எனக்கு அச்சமாகவே இருக்கிறது. தோட்டத்தில் கையால் எடுக்கும்போது எதை எடுக்கிறோம் என்று நமக்குத் தெரிகிறது. காட்டு நத்தையை விட்டுவிடலாம். இறக்கிவிட்ட வேட்டைப் பிராணிக்கு அந்த வேறுபாடு கிடையாது.

10 மார்ச் 2024, ஞாயிறு

தோட்டத்துக் கொத்தமல்லியைப் பச்சையாக அரைத்துத் துவையல் செய்யும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு உண்டு. அதன் இளம் புழுக்கள் எலியின் எச்சத்தில் வெளிவரும். அதைத் தின்னும் நத்தைக்குள் வளரும். அந்த நத்தையை எலி தின்ன, சுழற்சி தொடரும். பச்சைக் கீரையில் ஒட்டிய குட்டி நத்தையை விழுங்கி, இந்தச் சுழற்சிக்குள் மனிதன் அறியாமல் புகுந்துவிட்டால் புழு மூளைவரை போய் மூளையுறை அழற்சியை உண்டாக்கும். பெரிய ஆப்பிரிக்க நத்தையும் ஓடில்லா நத்தையும் அதைச் சுமப்பவை.

அஞ்சிக் கீரையை விட்டுவிட வேண்டியதில்லை. கட்டைப் பிரித்து, இலை இலையாக ஓடும் நீரில் கழுவி, மடிப்புகளில் குட்டி நத்தை ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். நகக்கண் அளவுள்ள குஞ்சுதான் கண்ணுக்குத் தப்புவது. சமைத்த கீரையில் இந்தப் பயம் இல்லை. நத்தையை வெறுங்கையால் தொட்ட குழந்தையைச் சோப்பு போட்டுக் கழுவ வைக்க வேண்டும். நசுக்கிய நத்தையைத் தோட்டத்தில் அப்படியே போடுவதும் தவறு. எலிக்கு விருந்து வைத்துச் சுழற்சியை நாமே நடத்துவதாகும்.

19 மே 2024, ஞாயிறு

மழை ஓய்ந்து இரவுகள் குளிரத் தொடங்கிவிட்டன. இனி நத்தை மேய வராது என்று பலரும் மறந்துவிடும் காலம் இது. எனக்கோ ஆண்டின் மிக முக்கியமான வேலை இப்போதுதான். வறட்சி வந்ததும் பெரிய நத்தை ஓட்டுக்குள் ஒடுங்கி, வாயை மெல்லிய படலத்தால் அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கும். கல் சுவரின் இடுக்கு, தண்ணீர்த் தொட்டியின் பின்புறம், அடுக்கிய பூந்தொட்டிகளின் அடி, வாழைத்தூரின் காய்ந்த மட்டை ஆகிய இடங்களில் கூட்டமாகக் கிடைக்கிறது. துரத்தவும் வேண்டாம், இருட்டில் குனியவும் வேண்டாம், பகலிலேயே எடுத்துவிடலாம். இப்போது விடப்படுபவைதான் நவம்பர் மழையில் முட்டையிடப் போகின்றன.

தெற்குச் சுவரின் இடுக்குகளைச் சாந்து பூசி அடைத்தாயிற்று. வாழைத்தூரைச் சுத்தம் செய்வது மீதமிருக்கிறது. கறிவேப்பிலையும் எலுமிச்சைப்புல்லும் இந்தப் பருவம் முழுவதும் தீண்டப்படாமல் நின்றன. ஆகவே வேலியோரப் பாத்தியை அவற்றுக்கு விட்டு, செண்டுமல்லி நாற்றங்காலை வீட்டு வாசலருகே, நாள் முழுவதும் வெயில் படும் சிமெண்டுத் தரையின்மேல் மேசையிட்டு அமைக்கப் போகிறேன்.