எத்தனை மில்லிகிராம், எத்தனையாவது நாள்?

பெருந்தொற்றுக் காலத்தில் மருந்துக் கவுண்டருக்கு வரும் வதந்தி, "இந்த மாத்திரை ரெண்டு அட்டை கொடுங்க" என்றுதான் பேச்சைத் தொடங்கும். கையில் செல்பேசி, அதில் யாரோ யாருக்கோ எழுதிய மருந்துச் சீட்டின் படம். மருந்தின் பெயர் மட்டும் பளிச்சென்று தெரியும். நோயாளியின் எடை, அவருக்கு இருக்கும் மற்ற நோய்கள், காய்ச்சலின் எத்தனையாவது நாளில் எழுதப்பட்டது என்பவை எதுவும் படத்தில் இருக்காது.

கோவிட் காலத்தில் கவுண்டரில் அதிகம் தொல்லை தந்தவை முழுப் பொய்கள் அல்ல. அளவும் நாளும் உதிர்ந்துபோன உண்மைகள்தான். மருந்தாளுநர் படித்ததே அளவையும் நாளையும்தான் என்பதால், உதிர்ந்ததை எடுத்து ஒட்டும் வேலையும் நம்முடையதாகிறது.

குடற்புழு மருந்தான ஐவர்மெக்டினை எடுத்துக்கொள்வோம். 2020 ஏப்ரலில் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களுக்குள் கோவிட் வைரஸ் பெருகுவதை அது தடுத்தது. இது உண்மை. ஆனால் தட்டில் இருந்த செறிவு 5 மைக்ரோமோலார். மனிதர் வழக்கமான அளவை விழுங்கினால் ரத்தத்தில் சேர்வது அதைவிடப் பல பத்து மடங்கு குறைவு. குடற்புழுவுக்குக் கொடுப்பது கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், ஒரே வேளை. அதாவது 60 கிலோ எடைக்கு 12 மி.கி. குதிரைகளுக்கான ஐவர்மெக்டின் பசைக்குழல் ஒன்றில் 6.08 கிராம் பசை, அதில் மருந்து 1.87 சதவீதம். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 114 மி.கி. வருகிறது. கால் குழலை விழுங்கினாலே 60 கிலோ மனிதருக்கான அளவு இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். அளவு மீறினால் வாந்தி, தள்ளாட்டம், மனக்குழப்பம், வலிப்பு வரை போகும். "வேலை செய்யாது" என்று ஒற்றை வரியில் சொன்னால் எதிரில் இருப்பவர் வாதத்துக்கு வருவார். இதே கணக்கை ஒரு துண்டுத் தாளில் அவர் எடைக்குப் போட்டுக் காட்டினால் பெரும்பாலும் நின்று கேட்பார். பிரேசிலில் நடந்து 2022இல் வெளியான டுகெதர் ஆய்வில் மருத்துவமனைச் சேர்க்கை குறையவில்லை என்பதை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் இதைவிடக் கடினம், ஏனென்றால் அது உண்மையிலேயே உயிர் காத்த மருந்து. பிரிட்டனின் ரெகவரி ஆய்வு 2020 ஜூனில் அதைக் காட்டியது: நாளுக்கு 6 மி.கி., அதிகபட்சம் 10 நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களிடையே இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3க்கு இறங்கியது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களிடம் பலன் எதுவும் தெரியவில்லை. அவர்களில் மருந்து பெறாதோரிடம் இறப்பு 14 சதவீதம், பெற்றோரிடம் 17.8. அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருந்திருக்கலாம், ஆனால் நம்பிக்கை தரும் பக்கம் அது சாயவில்லை. வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும் முதல் நாட்களில் உடலின் எதிர்ப்பை அடக்குவதும், பின்னர் மிதமிஞ்சிய அழற்சி நுரையீரலைத் தாக்கும்போது அதை அடக்குவதும் ஒன்றல்ல. ஆகவே கேட்க வேண்டியவை மூன்று. காய்ச்சல் எத்தனையாவது நாள்? ஆக்சிஜன் அளவு என்ன? சர்க்கரை நோய் உண்டா? ஸ்டீராய்டு சர்க்கரையைத் தாறுமாறாக ஏற்றும். அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: வேறு நோய்க்காக வாரக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்து வருபவர் பயந்துபோய்த் திடீரென்று நிறுத்தக் கூடாது. உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரீனல் சுரப்பி அதற்குள் தூங்கிப்போயிருக்கும்.

மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினைக் கோவிட்டுக்குத் தர, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 மார்ச் 28இல் அவசர அனுமதி தந்து ஜூன் 15இல் திரும்பப் பெற்றது. இடையில், அதே மருந்தை வழக்கமாக எடுத்துவரும் லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்), முடக்குவாத நோயாளிகள் தங்கள் மாதாந்திர மாத்திரைக்கு அலைந்தார்கள். வழக்கமாக வாங்குபவர்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்து அவர்கள் பங்கைத் தனியே எடுத்துவைப்பதுதான் முதல் வேலை. அந்த மருந்து உடலைவிட்டு மெல்லத்தான் வெளியேறும், இரண்டொரு நாள் தவறியதற்குக் கலங்க வேண்டாம் என்று சொல்வது இரண்டாவது. அசித்ரோமைசினோடு சேர்த்துக் கேட்பவருக்கு இதயத் துடிப்பில் வரும் ஆபத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இரண்டுமே ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளியை, அதாவது ஒரு துடிப்பில் இதயக் கீழறைகள் மின்தூண்டல் பெற்று மீளும் நேரத்தை, நீட்டக்கூடியவை.

இன்னொரு வகை வதந்தி மருந்தை நிறுத்தச் சொல்லும். ரத்த அழுத்தத்துக்கான ஏ.சி.ஈ. தடுப்பான்கள் வைரஸுக்குக் கதவு திறக்கின்றன என்ற ஊகம் அப்படித்தான் பரவியது. பிரேஸ் கொரோனா ஆய்வில், மருத்துவமனையில் சேர்ந்த 659 பேரில் ஒரு பாதியினர் 30 நாள் மாத்திரையை நிறுத்தினர், மறு பாதியினர் தொடர்ந்தனர். பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நிறுத்தினால் ஏறும் ரத்த அழுத்தமோ ஊகம் இல்லை. மாதாமாதம் வருபவர் ஒரு மாதம் வராவிட்டால் தொலைபேசியில் அழைத்துக் கேட்பது நல்லது.

பாராசிட்டமாலை யாரும் சந்தேகிப்பதில்லை, ஆகவே கவனம் அங்கேயும் வேண்டும். காய்ச்சல் மாத்திரை ஒன்று, சளி மாத்திரை ஒன்று, உடல்வலிக்கு இன்னொன்று என்று மூன்று பெயர்களில் ஒரே மருந்தை விழுங்குகிறார்கள். பெரியவர்களுக்கு எல்லாம் சேர்த்து நாளுக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு. வீட்டில் இருக்கும் அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்ல வேண்டும்.

பேச்சு எங்கே கெடுகிறது என்றால், முதல் கேள்வியில். "யார் சொன்னது?" என்று கேட்டால், சொன்ன மைத்துனரைக் காப்பாற்றவே அவர் வாயெடுப்பார். "யாருக்காக வாங்குறீங்க?" என்று கேட்டால் வீட்டில் படுத்திருக்கும் அம்மாவைப் பற்றிப் பேசுவார். வரிசையில் நிற்பவர்கள் காதில் விழாதபடி ஓரமாக அழைத்துக் கேட்க வேண்டும், பலர் முன்னால் திருத்தப்பட்டவர் வேறு கடைக்குப் போய்விடுவார். செய்தியில் எது உண்மையோ அதை முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு விடுபட்டதைச் சொல்லி, கடைசியில் இன்று என்ன செய்யலாம் என்று சொல்லி அனுப்ப வேண்டும். வெறும் கையோடும் வெறும் "இல்லை"யோடும் அனுப்பக் கூடாது.

கவுண்டரில் நிற்கும் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்ல ஒரு பக்கத் தாள் போதும், ஆனால் மேலே தேதி இருந்தாக வேண்டும். வலிநிவாரணியான இபுப்ரோஃபென் கோவிட்டை மோசமாக்கலாம் என்று 2020 மார்ச் 14இல் பிரெஞ்சு சுகாதார அமைச்சர் எச்சரித்தார், 17இல் உலக சுகாதார நிறுவனத்தின் பேச்சாளர் தவிர்க்கச் சொன்னார், அடுத்த நாளே அந்நிறுவனம் தவிர்க்கும்படி பரிந்துரைக்கவில்லை என்று திருத்திக்கொண்டது. 17ஆம் தேதித் தாளைக் கழற்றிவிட்டுப் புதியதை ஒட்டும்போது, என்ன மாறியது, ஏன் மாறியது என்று ஒரு வரியையும் அதிலேயே எழுதி ஒட்ட வேண்டும்.