சட்டி காயாத செட்டிநாடு

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா சட்டி காயவே இல்லையே."

அந்த ஆச்சி சொன்னது இவ்வளவுதான். நான் தாளில் 8 என்று எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டேன். நாலு வருஷம் ஆகிறது. இன்னும் காதில் கிடக்கிறது.

சிப்ஸுக்குத் தூவ எங்கள் நிறுவனம் தயாரித்த செட்டிநாடு மசாலாத்தூள், ருசிச் சோதனையின் கடைசிச் சுற்று. ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் மதிப்பெண். எவ்வளவு பிடித்திருக்கிறது என்ற ஒரே கேள்வி. பிடித்திருந்தது என்று அவரே சொன்னார், எட்டு போடச் சொன்னதும் அவர்தான். நான் எதையும் மாற்றவில்லை. இது செட்டிநாடுதானா என்று அந்தத் தாள் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு வந்த பதிலை எங்கே கொண்டுபோய் எழுதுவது? அன்று அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மற்றவர்கள் எடுத்ததும் வாயில் போட்டார்கள். ஆச்சி ஒரு சிப்ஸின் மேலிருந்த தூளைக் கட்டைவிரலால் வழித்து, ஆள்காட்டி விரலோடு வைத்துத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார். கொஞ்சம் பொறுத்தார். மறுபடியும் தேய்த்து முகர்ந்தார். அப்புறம்தான் தின்றார்.

எதைத் தேடினார் என்று எனக்குத் தெரியும். கல்பாசி. மரப்பட்டையிலும் பாறையிலும் படர்வது, காய்ந்தால் கறுத்த சருகு மாதிரி இருக்கும். சும்மா முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. காய்ந்த எண்ணெயில் ஒரு துணுக்கு விழ வேண்டும், அப்போதுதான் அந்த வாசம் எழுந்து கூடம் வரைக்கும் வரும். எங்கள் தூளோ பொரித்து எடுத்த சிப்ஸின் மேல், சுழலும் உருளை இயந்திரத்தில் தூவப்படுவது. நூறு கிராமுக்கு ஏழெட்டு கிராம். எண்ணெய்ச் சட்டியை அது பார்ப்பதே இல்லை. இதில் கல்பாசியைப் பொடித்துப் போட்டு என்ன பயன், மண்ணும் பட்டையும் நீக்குவதே பெரும்பாடு என்று முதலிலேயே எடுத்துவிட்டோம். எடுத்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தது நான்தான். மிளகு, சோம்பு, அன்னாசிப்பூ, வெங்காயத்தூள், பூண்டுத்தூள், நாக்கை இழுக்க 627, 631 என்ற எண்களில் வரும் சுவைகூட்டிகள். வெளியூர்க்காரர்களுக்குச் செட்டிநாடு என்றால் காரம், அதனால் காரத்தைத் தூக்கலாக வைத்தோம்.

நான் பக்கம் பக்கமாக எழுதியிருந்த காரணத்தை அவர் விரல் நுனியில் கண்டுபிடித்துவிட்டார்.

என் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று இப்போதும் நினைக்கிறேன். அன்னாசிப்பூ சீனா, வியட்நாம் பக்கத்துச் சரக்கு. மிளகாய் போர்ச்சுக்கீசியர் வந்த பிறகு வந்தது. கவுனி அரிசி, நகரத்தார் தொழிலுக்குப் போன பர்மாவிலிருந்து வந்தது என்பார்கள். அத்தனையும் கப்பலில் வந்து செட்டிநாடு ஆகலாம் என்றால், பாக்கெட்டில் ஏறி இன்னொரு செட்டிநாடு ஆகக்கூடாதா? ஊர் ருசி என்பது ஓரிடத்தில் நிற்கிற பொருளா என்ன?

ஆனால் வந்த சரக்கு ஒவ்வொன்றையும் அந்த வீடுகளில் யாரோ வறுத்து, அரைத்து, பிள்ளைகளுக்குப் போட்டு, வேண்டாததை விட்டு, தலைமுறை தலைமுறையாகப் பழக்கியிருக்கிறார்கள். நாங்கள் ஆறு மாதத்தில் ஊரின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டோம். வடக்கே எங்கோ ஒரு பிள்ளைக்கு அதுதான் முதல் செட்டிநாடாக இருந்திருக்கும், கல்பாசி என்று ஒன்று இருப்பதே தெரியாமல். இதை நினைத்தால்தான் மனசு ஆறுவதில்லை. ஆச்சி சொன்னதை எழுதியிருந்தால் மட்டும் மாற்றியிருப்பார்களா? மாட்டார்கள், அச்சடித்த உறைகள் வந்து இறங்கியாகிவிட்டது. மிஞ்சிப்போனால் பெயருக்குப் பின்னால் 'பாணி' என்று ஒரு சொல் சேர்ந்திருக்கும். அதுகூட ஒரு மரியாதைதானே என்று தோன்றுகிறது.

போன மாதம் பழைய கோப்புகளைக் கழித்தபோது அந்தத் தாள் கையில் கிடைத்தது. எழுத இடமில்லை என்றே இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். என் கையெழுத்தில் 8. அதற்குக் கீழே 'வேறு கருத்து' என்று அச்சிட்டு, இரண்டு வரி இடம் விட்டிருந்தது.