நிலாவுக்கும் இசைக்கும் நடுவே ஒரு கோடு

மகள் அனுச நட்சத்திரம் இரண்டாம் பாதத்தில் பிறந்தாள். பஞ்சாங்கம் பார்த்த ஐயர் 'நி' என்ற எழுத்தைச் சொன்னதும் வீட்டில் எல்லோர் வாயிலும் ஒரே பெயர் வந்தது: நிலா. எனக்கும் பிடித்த பெயர்தான். ஆனால் முள்ளியவளையில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் ஏற்கனவே இரண்டு நிலாக்கள் இருக்கிறார்கள். முன்பள்ளியில் மூன்று பேர். 'பெரிய நிலா, சின்ன நிலா, கடையடி நிலா' என்றுதான் ஆசிரியை அவர்களைக் கூப்பிடுகிறார். என் பிள்ளை நான்காவதாகப் போய் ஓர் அடைமொழிக்குக் காத்து நிற்பதை நினைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

பாரிஸில் இருக்கும் மச்சாள்தான் முதலில் அந்த வழியைச் சொன்னார். "நிலாவோடு இன்னொரு சொல்லைச் சேர்த்து, நடுவே ஒரு சிறு கோடு போட்டுவிடு. இங்கே என் மகளின் வகுப்பில் மரி-குளேர் இருக்கிறாள், ஆன்-சோபி இருக்கிறாள். ஒருவருக்கும் குழப்பம் இல்லை." அவர் சொன்னது உண்மை. பிரான்ஸில் அந்தக் கோட்டுக்கு வேலை இருக்கிறது. கோடு இருந்தால் இரண்டு சொல்லும் சேர்ந்து ஒரே பெயர். கோடு இல்லாமல் தனித்தனியாக எழுதினால் முதலாவதுதான் கூப்பிடும் பெயர், அடுத்தது பதிவில் மட்டும் கிடக்கும் பெயர்.

எந்தச் சொல்லைச் சேர்ப்பது என்பதில் எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. என் தங்கையின் பெயர் இசைமதி. 2009 இல், போரின் கடைசி இடம்பெயர்வில் அவளை இழந்தோம். அவள் பெயரை முழுதாக என் பிள்ளைக்கு வைக்க அம்மாவுக்கு விருப்பமில்லை. கூப்பிடும்போதெல்லாம் அழுகை வரும் என்றார். 'இசை' மட்டும் இருக்கட்டும் என்றேன். நிலா-இசை. ஒரு கடதாசியில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பார்க்க அழகாகவே இருந்தது.

31ஆம் நாள், பிள்ளைப்பேற்றுத் தீட்டுக் கழிக்கும் துடக்குக் கழிவுக்கு அப்பா வந்தார். தமிழ் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சுவரில் இருந்ததை ஒரு தடவை வாய்விட்டு வாசித்தார். "நிலாவிசை." பிறகு என்னைப் பார்த்தார். "இந்தக் கோடு கண்ணுக்குத்தான் பிள்ளை. வாய் கோட்டில் நிற்காது. 'ஆ'வுக்குப் பின் 'இ' வந்தால் நடுவே 'வ்' வந்து சேரும். நீ உடம்படுமெய் படித்தவள்தானே?"

படித்ததுதான். என் பிள்ளையின் பெயருக்குள் அது வந்து உட்காரும் என்று நினைக்கவில்லை. மாமி, கணவர், பக்கத்து வீட்டு அக்கா என்று எல்லோரையும் சொல்லச் சொன்னேன். வேகமாகக் கூப்பிட்டபோது ஒருவர் தவறாமல் 'நிலாவிசை' என்றுதான் கூப்பிட்டார்கள். விசை என்றால் எங்கள் மண்ணில் முதலில் நினைவுக்கு வருவது துப்பாக்கியின் விசை. என் தங்கையின் நினைவாக நான் எடுத்த சொல் அந்த இடத்தில் போய் முடிந்தது. அன்றிரவு சுவரில் ஒட்டியிருந்த கடதாசியைக் கழற்றினேன்.

கணவர் விடவில்லை. கூப்பிடுவது நிலா என்றுதானே, பதிவில் கோடு இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். அப்போதுதான் என் கதையை அவருக்கு முழுதாகச் சொன்னேன்.

என் பெயர் தமிழ்விழி. தொண்ணூறுகளில் வன்னியில் இப்படித் தூய தமிழ்ப் பெயர் வைப்பது பரவலாக இருந்தது. அப்பா ஆசையோடு வைத்தார். இடம்பெயர்வில் என் பிறப்புச் சான்றிதழ் தொலைந்தது. முகாமில் எடுத்த பதிவில் 'தமிழ் விழி' என்று நடுவே இடைவெளி விட்டு எழுதினார்கள். அந்த இடைவெளியைப் பார்த்து அடுத்த அலுவலகத்தில் 'தமிழ்' ஒரு பெயர், 'விழி' இன்னொரு பெயர் என்று இரண்டு கட்டத்தில் போட்டார்கள். மூன்றாவது ஆவணத்தில் 'தமிழ்விளி' ஆனேன். மூன்று பேரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, கச்சேரி என்று நாங்கள் சொல்லும் மாவட்டச் செயலகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் பஸ்ஸில் அலைந்தது எனக்குத்தான் தெரியும். ஓர் இடைவெளி செய்த வேலை அது. அலுவலகத்துக்கு அலுவலகம் கைமாறும்போது முதலில் உதிர்வது இடைவெளியும் கோடும் புள்ளியும்தான். ஒருவர் கோட்டோடு எழுதுவார், அடுத்தவர் இடைவெளியாக்குவார், மூன்றாமவர் சேர்த்து எழுதுவார். பெயர் நீளமாக இருந்து படிவத்தின் வரி முடிவில் கோடு விழுந்தால், சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோனதாகவே வாசிப்பவர் நினைப்பார்.

கடவுச்சீட்டையும் எடுத்துப் பார்த்தோம். படம் உள்ள பக்கத்தின் அடியில் இயந்திரம் வாசிப்பதற்கென்று இரண்டு வரிகள் இருக்கின்றன, வரிக்கு 44 இடங்கள். சர்வதேச விதிப்படி அந்த வரிகளில் இடைக்கோடு வராது. கோடு இருந்தாலும் இடைவெளி இருந்தாலும் அங்கே விழுவது '<' என்ற ஒரே நிரப்புக் குறிதான். நான் பாடுபட்டுப் போடும் கோட்டை விமான நிலையத்து இயந்திரம் பார்க்கப் போவதே இல்லை. அதற்குப் பிறகு கணவர் கோட்டைப் பற்றிப் பேசவில்லை.

இலங்கைச் சட்டப்படி பிறந்து 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். துடக்குக் கழிந்தபோது மிஞ்சியது 11 நாள். அதில் நான்கு நாட்கள் பெயரைத் தேடியே போயின. நிலாமொழி, நிலாமகள், நிலாயாழ் என்று எத்தனையோ வந்தன. எதிலும் இசை இல்லை. ஐந்தாம் நாள் காலை, கொடியில் பிள்ளையின் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது திருப்பிப் போட்டுச் சொல்லிப் பார்த்தேன். இசைநிலா. 'ஐ'க்குப் பின் 'நி'. நடுவே எதுவும் வந்து சேரவில்லை, எதுவும் கெடவில்லை. கோடு இல்லாமலே இரண்டும் ஒட்டிக்கொண்டன. அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் இரண்டு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

மாமிக்கு ஒரு குறை இருந்தது. பெயர் 'இ'யில் தொடங்குகிறது, ஐயர் சொன்னது 'நி' அல்லவா? அவரை மீறி எழுத எனக்கு மனமில்லை. அவரே இரண்டு நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். "நாள்தோறும் வாயில் வருவதுதானே பெயர். வீட்டில் நிலா என்று கூப்பிடுவோம். பதிவில் இசைநிலா இருக்கட்டும்." நட்சத்திரமும் தங்கையும் ஒரே பெயருக்குள் வந்த நிம்மதி எனக்கு.

40ஆம் நாள் வைத்தியசாலை தந்த பத்திரத்தையும் எங்கள் திருமணச் சான்றிதழையும் அடையாள அட்டைகளையும் எடுத்துக்கொண்டு பதிவாளரிடம் போனோம். மூன்று மாதத்துக்குள் போனால் பதிவுக்குக் கட்டணம் இல்லை. பெயரை மட்டும் ஒரு வெள்ளைக் கடதாசியில் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அதற்குக் கீழே ஆங்கில எழுத்திலும் ஒரே சொல்லாக. இந்தப் பழக்கத்தை யாரும் விடவேண்டாம். நாம் வாயால் சொல்ல அவர் காதால் கேட்டு எழுதும்போதுதான் ழகரம் ளகரம் ஆகிறது.

கோட்டைப் பற்றிப் பதிவாளரிடமும் கேட்டேன், என் மனத் திருப்திக்காக. வயதானவர், பொறுமையாகப் பதில் சொன்னார். "நீங்கள் எழுதித் தருவதைத்தான் பிள்ளை நான் பதிவேன். ஆனால் எனக்குப் பிறகு எழுதப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடம், பரீட்சை, அடையாள அட்டை, வங்கி. பிறகு, நம் முறையில் பிள்ளையின் பெயருக்கு முன்னால் தகப்பன் பெயர் வருகிறதே. ஊரில் நிலா எத்தனை பேர் இருந்தாலும் உங்கள் கணவரின் பெயரோடு வரும் நிலா ஒருத்திதான்."

இது எனக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று நினைத்தேன். தோன்றியிருந்தால் வெறும் நிலாவோடு நின்றிருப்பேன், இசை கிடைத்திருக்காது.

அவர் பேனாவை எடுத்து, "ஒரு சொல்லா, இரண்டா?" என்று கேட்டார். ஒரு சொல் என்றேன். எழுதி முடித்ததும் பதிவேட்டைத் திருப்பி எங்களிடம் காட்டினார். கையொப்பமிடும் முன் ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்துச் சரிபார்த்தேன். இ, சை, நி, லா. பிள்ளை மாமியின் தோளில் நித்திரையாக இருந்தாள்.

பிரதி கையில் கிடைத்ததும் மச்சாளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். கோடு இல்லாததில் அவருக்கு வருத்தம் இல்லை. ஆங்கில எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு, "இங்குள்ளவர்கள் இதை இஸேநிலா என்று வாசிப்பார்கள்" என்றார். பிறகு சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இசைமதியை நான் ஒரு தடவை வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் கண்டிருக்கிறேன், நல்லாகப் பாடுவாள்" என்றார்.