பிறந்த வீட்டுப் பெயரைப் பின்தொடர்ந்து: ஸ்காட்லாந்தில் பெற்றவர்களைத் தேடும் தத்துப் பிள்ளைகளுக்கு

ஸ்காட்லாந்தில் ஒரு பெண் எத்தனை முறை திருமணம் செய்திருந்தாலும் அரசுப் பதிவேட்டில் அவருடைய பிறந்த வீட்டுப் பெயர் அழிவதில்லை. பிள்ளையின் பிறப்புப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும். அந்தப் பிள்ளை வளர்ந்து திருமணம் செய்யும்போது அதே பெயர் மறுபடி எழுதப்படும். இறக்கும்போது இன்னொரு முறை. 1855 ஜனவரி 1-ல் கட்டாயப் பதிவு தொடங்கிய நாளிலிருந்து இப்படித்தான். இங்கிலாந்தில் 2021 மே மாதம் வரை திருமணப் பதிவில் தந்தையின் பெயருக்கு மட்டுமே இடம் இருந்தது. இறப்புப் பதிவில் பெற்றோர் பெயரே கிடையாது. கல்யாணம் ஆனதும் அப்பாவின் தலைப்பெழுத்தை விட்டுக் கணவரின் எழுத்தைப் போட்டுக்கொள்ளும் வழக்கம் உள்ள நமக்கு, இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை. தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளை தன்னைப் பெற்றவரைத் தேட முடிவதே இந்த ஒரு பெயரால்தான்.

சட்டமும் துணை நிற்கிறது. ஸ்காட்லாந்தில் தத்து நீதிமன்ற ஆணை மூலம் நடக்கத் தொடங்கியது 1930 சட்டத்துக்குப் பிறகு. தன் பழைய பிறப்புப் பதிவைப் பார்க்கும் உரிமை தத்துப் பிள்ளைக்கு அன்றே கொடுக்கப்பட்டது. அப்போது 17 வயது ஆகியிருக்க வேண்டும். இப்போது 16 போதும். இங்கிலாந்தில் 1975 சட்டம் வரும்வரை இந்த உரிமை இல்லை. அங்கே பழைய தத்துகளுக்கு ஆலோசகரைச் சந்திப்பது கட்டாயம். ஸ்காட்லாந்தில் விருப்பம் இருந்தால் சந்திக்கலாம். சந்திப்பது நல்லது என்றே சொல்வேன். தத்துக் காகிதங்களைத் தனியாகப் படிப்பது எளிதல்ல.

பலர் முதல் அடியிலேயே தவறுகிறார்கள். கையில் இருக்கும் சுருக்கமான பிறப்புச் சான்றிதழை வைத்துக்கொண்டு இணையத்தில் தேட ஆரம்பிக்கிறார்கள். அதில் பெற்றோர் பெயரே இருக்காது. பெயரும் தத்துக்குப் பின் வந்த பெயர். அதை வைத்துப் பிறப்புப் பட்டியலில் தேடினால் எதுவும் கிடைக்காது. கிடைத்தால் அது வேறு யாரோ. எடின்பரோவில் உள்ள அரசு ஆவணக் காப்பகமான நேஷனல் ரெக்கார்ட்ஸ் ஆஃப் ஸ்காட்லாந்து அலுவலகத்தில் தத்துப் பதிவுகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. இப்போதைய பெயர், பிறந்த தேதி, வளர்த்த பெற்றோரின் பெயர்கள், அடையாளச் சான்று ஆகியவற்றோடு அவர்களுக்கு எழுத வேண்டும். தத்துப் பதிவேட்டிலிருந்து எடுக்கும் முழுச் சான்றில் எந்த நீதிமன்றம், எந்தத் தேதியில் ஆணையிட்டது என்று இருக்கும். அந்தப் பதிவையும் பழைய பிறப்புப் பதிவையும் இணைக்கும் குறிப்பு பொதுமக்கள் பார்வைக்கு வராது. உரியவர் கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.

பழைய பிறப்புப் பதிவைக் கேட்கும்போதே தத்து வழக்கின் நீதிமன்ற ஆவணக் கட்டையும் கேளுங்கள். பெரும்பாலும் அது ஷெரீப் கோர்ட் என்ற உள்ளூர் நீதிமன்றத்தின் கட்டாக இருக்கும். பழைய கட்டுகள் எடின்பரோ ஆவணக் காப்பகத்தில் முத்திரையிட்ட உறைகளில் இருக்கின்றன. அண்மைக் காலத்தவை அந்தந்த நீதிமன்றத்திலேயே இருக்கலாம். 100 ஆண்டுகளுக்கு வேறு யாருக்கும் திறக்க மாட்டார்கள். தத்துப் பிள்ளைக்கு மட்டும், 16 வயதுக்கு மேல், முன்பதிவு செய்துகொண்டு வந்தால் முத்திரையை உடைத்துக் கொடுப்பார்கள்.

உறைக்குள் என்ன இருக்கும்? வளர்த்தவர்களின் மனு, பழைய பிறப்புப் பதிவின் நகல், தாயின் சம்மதப் பத்திரம், பிள்ளையின் நலனைப் பார்க்க நீதிமன்றம் நியமித்தவரின் அறிக்கை. சிலவற்றில் நாலைந்து தாள்தான். அதிலும் சம்மதப் பத்திரத்தைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். 1949 சட்டத்துக்குப் பிறகு, குழந்தை பிறந்து ஆறு வாரம் ஆகும் முன் தாய் போடும் கையெழுத்து செல்லாது. ஆகவே அதில் இருக்கும் முகவரி பிரசவம் நடந்த இடமாக இல்லாமல், அதன் பிறகு தாய் போய்ச் சேர்ந்த இடமாக இருக்க வாய்ப்பு அதிகம். பிறப்புப் பதிவில் எடின்பரோவின் தாய்-சேய் விடுதி இருக்கும், சம்மதப் பத்திரத்தில் வடக்கே ஒரு மீன்பிடி ஊர் இருக்கும். அந்த ஊர்தான் அவருடைய வீடு. தேடலை அங்கிருந்து தொடங்குங்கள். அறிக்கையில் தாயின் வயது, வேலை, ஏன் கொடுக்கிறார் என்பது வரும். சில சமயம் தந்தை யார் என்றும் இருக்கும். தந்தையின் பெயரை யாரும் சரிபார்த்திருக்க மாட்டார்கள். குறித்துக்கொள்ளுங்கள், உடனே நம்பிவிடாதீர்கள்.

'ஏன் கொடுக்கிறார்' என்ற பத்திக்கு ஒரு எச்சரிக்கை. 'குழந்தையை வளர்க்க விருப்பமில்லை' என்று எழுதியிருந்தால் அது அவருடைய சொல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மணமாகாத தாய்மார்கள் மீது எவ்வளவு நெருக்கடி இருந்தது என்பதை ஸ்காட்லாந்து அரசே ஏற்று, 2023 மார்ச் 22-ல் அன்றைய முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். படிவத்தை நிரப்பியது வேறு கை. அந்தத் தாய்க்குக் கையெழுத்துப் போடும் இடம் மட்டும்தான் விட்டுவைக்கப்பட்டிருந்தது.

தத்துக்கு ஏற்பாடு செய்த அமைப்பின் பெயரும் கட்டில் இருந்தால், அங்கே தனியாக எழுதிக் கேளுங்கள். தத்து அமைப்புகள் கோப்புகளை முன்பு 75 ஆண்டுகளும், 2009 விதிகளுக்குப் பிறகு 100 ஆண்டுகளும் வைத்திருக்க வேண்டும். மூடப்பட்ட அமைப்பின் கோப்புகள் இன்னொரு அமைப்புக்கோ உள்ளூர் கவுன்சிலுக்கோ போயிருக்கும். நீதிமன்றக் கட்டு உங்கள் உரிமை. அமைப்பின் கோப்பில் எவ்வளவு காட்டுவது என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள்.

இனி பிறப்புப் பதிவு. தாயின் பெயர், வேலை, வழக்கமான முகவரி, தகவல் கொடுத்தவர் யார் என்பவை இருக்கும். தகவல் கொடுத்தவர் பாட்டியாகவோ பெரியம்மாவாகவோ இருந்தால் அவருடைய முகவரியும் கிடைத்துவிடும். ஆனால் தாயைப் பெற்றவர்கள் யார் என்று இதில் வராது. அதனால்தான் அதே பெயருள்ள வேறு பெண்ணைப் பிடித்துவிடும் தவறு இந்த இடத்தில் நடக்கிறது. மார்கரெட் மெக்டொனால்டு என்ற பெயரில் ஒரே ஆண்டில் எத்தனை பெண்கள் பிறந்திருப்பார்கள் என்று பார்த்தால் தலை சுற்றும்.

இதற்கு வழி, ஒருவரைத் தேர்ந்தெடுப்பதல்ல; எல்லோரையும் எழுதிவைத்து ஒவ்வொருவராக நீக்குவது. கட்டில் உள்ள வயதிலிருந்து பிறந்த ஆண்டைக் கணக்கிட்டு, முன்னும் பின்னும் இரண்டு ஆண்டுகள் சேர்த்து, அரசுப் பதிவுகளைத் தேடும் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் இணையதளத்தில் அந்தப் பெயருள்ள பிறப்புகள் அனைத்தையும் பட்டியலிடுங்கள். 1929-லிருந்து பிறப்புப் பட்டியலிலேயே தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் வரும். குழந்தையிலேயே இறந்தவர்களை நீக்குங்கள். உங்கள் தாய் மணமாகாதவர் என்று கட்டு சொன்னால், அந்தத் தேதிக்கு முன்பே திருமணமானவர்களையும் நீக்குங்கள். மீதி நிற்பவர்களின் திருமணப் பதிவை எடுத்து, அதில் உள்ள பெற்றோர் பெயரையும் முகவரியையும் கட்டில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். இரண்டு விவரமாவது தனித்தனியாகப் பொருந்த வேண்டும். பெயரும் வயதும் மட்டும் பொருந்துவது போதாது.

எழுத்திலும் ஏமாறலாம். குடும்பப் பெயரின் முன்னால் வரும் மேக், மக் இரண்டையும் தேட வேண்டும். சந்தேகமான எழுத்துக்குப் பதில் நட்சத்திரக் குறி போடலாம். ஜெஸ்ஸி என்று அழைக்கப்பட்டவர் பதிவில் ஜேனட்டாக இருப்பார். பெகி, மார்கரெட் ஆவார். ஐனா என்றால் கிறிஸ்டினா, வில்லியமினா என்று எதுவாகவும் இருக்கலாம். செங்கா என்ற பெயரைப் பார்த்தால் ஆக்னஸையும் தேடுங்கள். அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாக்கினால் வருவதுதான் செங்கா.

இணையத்தில் பதிவின் படத்தையே பார்க்க, பிறப்புக்கு 100 ஆண்டு, திருமணத்துக்கு 75, இறப்புக்கு 50 ஆகியிருக்க வேண்டும். அதற்குப் பிந்தியவற்றுக்குப் பட்டியல் வரி மட்டும் தெரியும். சான்றிதழை விலை கொடுத்து வாங்கலாம். ஆனால் பத்துப் பேரை நீக்கும் வேலை இருந்தால் எடின்பரோ மையத்தில் ஒரு நாள் இருக்கை எடுத்து உட்கார்வதே மலிவு, ஏனென்றால் அங்கே அண்மைக்காலப் பதிவுகளின் படங்களும் திறக்கும்.

உயிரோடு இருக்கிறார் என்று எண்ணிக் கடிதம் எழுதும் முன் இறப்புப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். மனம் ஒப்பாது, ஆனாலும் இதைத் தள்ளிப்போடக் கூடாது. மணமான பெண்கள் அந்தப் பட்டியலில் கணவர் பெயரிலும் பிறந்த வீட்டுப் பெயரிலும் வருவார்கள். 1974-லிருந்து, இறந்தவரைப் பெற்ற தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் பட்டியலிலேயே இருப்பதால் ஆள் மாறும் வாய்ப்பு மிகக் குறைவு. இறந்திருந்தால், அந்தப் பதிவில் தகவல் கொடுத்தவரின் பெயரையும் முகவரியையும் பாருங்கள். மகன் என்றோ மகள் என்றோ எழுதியிருந்தால், அவர் உங்களோடு ஒரு வயிற்றில் பிறந்தவர்.

தாயின் பெயரில் ஸ்காட்லாந்துத் திருமணமும் இல்லை, இறப்பும் இல்லை என்றால் அவர் எல்லை தாண்டியிருக்கலாம். இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா என்று பார்க்க வேண்டும். அங்கே போகும் முன் அவருடைய உடன்பிறந்தவர்களைத் தேடுங்கள். ஊரை விட்டுப் போகாத தம்பியோ தங்கையோ ஒருவர் இருப்பார். அவரை வைத்து அக்காவைப் பிடிப்பது எளிது.

தந்தையின் கதை வேறு. பெற்றோர் மணமாகாதவர்கள் என்றால், பெரும்பாலும் தந்தையும் நேரில் வந்து தாயோடு சேர்ந்து கையெழுத்திட்ட பிறகே பிறப்புப் பதிவில் அவர் பெயர் ஏறும். இல்லையென்றால் அந்தக் கட்டம் காலி. காலியாக இருந்தாலும் பதிவின் ஓரத்தைப் பாருங்கள். திருத்தப் பதிவேட்டின் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் அங்கே இருந்தால், பின்னாளில் நீதிமன்றம் தந்தை யார் என்று தீர்ப்பளித்திருக்கலாம். அந்தப் பக்கத்தைக் கட்டாயம் எடுக்க வேண்டும். தாய் ஏற்கெனவே வேறொருவரை மணந்து பிரிந்திருந்தவர் என்றால், கணவர் தந்தையல்ல என்ற அறிவிப்பு பதிவிலேயே எழுதப்பட்டிருப்பதும் உண்டு.

எதுவும் இல்லாதபோது டிஎன்ஏ. எச்சில் மாதிரியை அனுப்பினால் ஒத்துப்போகும் உறவினர் பட்டியல் வரும். எவ்வளவு பொருந்துகிறது என்பதைச் சென்டிமார்கன் அளவில் சொல்வார்கள். பெற்றவர் என்றால் ஏறக்குறைய 3,400-க்கு மேல். ஒரு பெற்றவரை மட்டும் பகிரும் உடன்பிறப்பு என்றால் சராசரி 1,750. ஆனால் தாத்தா பாட்டிக்கும், பெற்றவரின் உடன்பிறந்தவருக்கும் அதே அளவுதான் வரும், வயதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். பெற்றவரின் உடன்பிறந்தாருடைய பிள்ளைகள் என்றால் சராசரி 870. தாத்தா பாட்டியின் உடன்பிறந்தாருடைய பேரப்பிள்ளைகள் என்றால் 230. முதலில் தாய்வழி உறவு என்று தெரிந்தவர்களை ஒதுக்குங்கள். மீதியில் ஒருவரோடொருவர் பொருந்துபவர்களைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் பொதுவான மூதாதை யார் என்று மேலே போய், அங்கிருந்து கீழே இறங்க வேண்டும். தீவுப் பகுதிக் குடும்பங்களில் எண்ணைக் கொஞ்சம் குறைத்தே மதிப்பிடுங்கள். தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே மணம் நடந்த இடங்களில் தூரத்து உறவும் நெருங்கிய உறவு போலக் காட்டும். முறைப்பெண் கல்யாணம் பழகிய நமக்கு இது சட்டென்று புரியும்.

1930 சட்டத்துக்கு முன் தத்துக் கொடுக்கப்பட்டவர்களுக்கு நீதிமன்றக் கட்டே கிடையாது. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தேடுகிறார்கள் என்றால் ஏழையர் நிவாரணப் பதிவுகள்தான் பெரும் புதையல். கிளாஸ்கோ நகர ஆவணக் காப்பகத்தின் விண்ணப்பங்களில் மணமாகாத தாயின் பிறந்த ஊர், அவருடைய பெற்றோர், சில நேரம் தந்தை என்று அவர் சொன்னவரின் பெயர் எல்லாம் இருக்கும். கிளாஸ்கோவின் ஆதரவற்ற குழந்தைகளைத் தொலைதூரக் கிராமங்களிலும் தீவுகளிலும் வளர்ப்புக்கு விடுவது வழக்கமாக இருந்தது. ஒரு தீவுக் குடும்பத்தில் வேறு குடும்பப் பெயரோடு ஒரு பிள்ளை கணக்கெடுப்பில் வந்தால் அதை நினைவில் வையுங்கள். 1921 வரையிலான கணக்கெடுப்புகள் திறந்திருக்கின்றன. இங்கிலாந்தின் 1931 கணக்கெடுப்பு தீயில் அழிந்தது. ஸ்காட்லாந்தினுடையது பத்திரமாக இருக்கிறது, 100 ஆண்டுக் காலம் முடிந்ததும் திறப்பார்கள்.

ஆள் கிடைத்துவிட்டார், உயிரோடும் இருக்கிறார் என்றால் நேரில் போய்க் கதவைத் தட்டாதீர்கள். கணவரிடமும் பிள்ளைகளிடமும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஸ்காட்லாந்துக்கென்று 1984-ல் தொடங்கிய தத்துத் தொடர்புப் பதிவேட்டில் அவரே பெயர் கொடுத்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அனுபவமுள்ள இடையாள் வழியாகப் போவதே நல்லது. நீங்களே எழுதுவதானால் கையால், அவர் பெயருக்கு மட்டும், மூடிய உறையில் எழுதுங்கள். 'அம்மா' என்றோ 'தத்து' என்றோ எழுத வேண்டாம். குடும்ப வரலாறு தேடுவதாகச் சொல்லி, உங்கள் பழைய பெயரையும் பிறந்த தேதியையும் ஊரையும் ஒரே வரியில் குறிப்பிடுங்கள். அவருக்கு அந்தத் தேதி போதும். ஃபேஸ்புக்கில் அனுப்பும் செய்தி தெரியாதவர்களின் செய்திகளுக்கான பகுதியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், அல்லது பேத்தி முதலில் படித்துவிடுவாள். பதில் வர மாதங்கள் ஆகலாம். அதுவரை அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கு எழுதாமல் இருங்கள்.