கதைக்கு ஒரு ஸ்டைல்ஷீட்: ஒரு மின்னூலைச் சீர்செய்த அனுபவம்

சிறுகதைத் தொகுப்பு ஒன்றின் ஈபப் என்ற மின்னூல் கோப்பைச் சீர்செய்யும் வேலை என்னிடம் வந்தது. கதைகளைத் தனித்தனிக் கோப்புகளிலிருந்து காலிபர் என்ற மின்னூல் மென்பொருளில் மாற்றி, பிறகு ஒரே நூலாக இணைத்திருந்தார்கள். அதனால் கதைக்கு ஒரு ஸ்டைல்ஷீட், அதாவது எழுத்து, ஓரம் போன்றவற்றின் தோற்ற விதிகள் அடங்கிய கோப்பு. மாற்றும்போது காலிபர் தானாகவே காலிபர்1, காலிபர்2 என்று கிளாஸ்களுக்கு (விதியை உரைப்பகுதியோடு இணைக்கும் பெயர்களுக்கு) எண் போட்டுவிடும். ஒரு கதையில் காலிபர்3 சாதாரணப் பத்தி. அடுத்த கதையில் அதே பெயர் நடுவில் நிற்கும் தலைப்பு. பத்திக்கான விதியோ, எண் மட்டும் மாறி எல்லாக் கோப்புகளிலும் இருந்தது.

இவற்றை அப்படியே ஒரே கோப்பில் கொட்டினால், பெயர் மோதும் இடத்தில் பின்னால் வரும் விதியே செல்லும். பத்திகளெல்லாம் தலைப்பைப் போல நடுவுக்குப் போய்விடும். ஆகவே முதலில் பெயர் மாற்றம், பிறகுதான் இணைப்பு. சிகில் என்ற மின்னூல் எடிட்டரில் ஒவ்வொரு கதையையும் அதன் ஸ்டைல்ஷீட்டையும் மட்டும் தேர்ந்தெடுத்து, கிளாஸ் செய்யும் பணியைப் பார்த்துப் பெயரிட்டேன்: பத்தி, முதற்பத்தி, பாடல், கடிதம். (ஸ்டைல்ஷீட் எழுதும் மொழியான சிஎஸ்எஸ் தமிழ்ப் பெயர்களை ஏற்கும், பழைய கருவிகளை எண்ணி ஆங்கில எழுத்திலேயே வைத்தேன்.) தேடலில் ரெஜெக்ஸின் (எழுத்து வடிவத்தைக் குறிகளால் விவரித்துத் தேடும் முறையின்) சொல்லெல்லைக் குறி, அதாவது சொல் அங்கே முடிகிறது என்று காட்டும் குறி, கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் காலிபர்1 என்று தேடி மாற்றினால் காலிபர்10, காலிபர்12 எல்லாம் சிதைந்துபோகும்.

பயன்படாத விதிகளைக் காலிபர் எடிட்டரே நீக்கிவிடுகிறது. ஒரே மாதிரியான விதிகளை இணைக்கவும் அதில் வசதி உண்டு. ஆனால் 0.83333 எம், 0.83 எம் (சுற்றியுள்ள எழுத்தின் அளவே ஒரு எம்) இரண்டும் அதற்கு வேறு வேறு. இரண்டுமே 12 பாயிண்ட் எழுத்துக்கு நடுவே 10 பாயிண்ட் வைத்ததன் எச்சம் என்பது மனிதக் கண்ணுக்குத்தான் தெரியும். விதிக்கு விதி ஒட்டிக்கொண்டிருந்த லதா எழுத்துருவையும் முழுவதுமாக எடுத்தேன். படிப்பவர் வேறு எழுத்துருவைத் தேர்ந்தாலும் சில செயலிகளில் அது மாறாமல் நிற்க இப்படிப்பட்ட வரிகளே காரணம்.

பாடலுக்கும் கடிதத்துக்கும் ஓர அளவுகள் அச்சு அசலாக ஒன்றே. இரண்டையும் ஒரே கிளாஸாக்கிவிடும் ஆசை இயல்பாக வரும்; நான் அதற்கு உடன்படவில்லை. பெயர்களை அப்படியே விட்டு, இடையில் காற்புள்ளி இட்டு ஒரே விதியின் கீழ் கொண்டுவந்தேன். ஈபப் கோப்பைச் சோதிக்கும் ஈபப்செக் பிழையின்றி முடிந்த பிறகு, கடிதங்களை மட்டும் சற்றுச் சிறிய எழுத்தில் தரும்படி ஆசிரியர் கேட்டார். கடிதத்துக்கென்று ஒரு வரியை அந்த விதிக்குக் கீழே சேர்த்துக் கோப்பை அனுப்பிவைத்தேன்.