தண்ணி டாக்டர்

மதுரைப் பக்கம் டாக்டர் வீடு என்றால் வாசலில் செருப்புக் குவிந்து கிடக்க வேண்டும். எங்கள் வீட்டில் கிடந்ததில்லை. பொதுச் சுகாதாரத் துறையில் சேர்ந்து, துணை இயக்குநராக 2000-இல் ஓய்வு பெறும்வரை அப்பா கிளினிக் வைக்கவே இல்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், “சாருக்கு எந்த ஆஸ்பத்திரி?” என்று கேட்டபோது அம்மா சட்டென்று, “அவரு கெணத்துக்கு வைத்தியம் பாக்குறவரு” என்றாள். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. (எனக்கு அதில் சந்தோஷம்தான், அது வேறு கதை.)

அம்மா சொன்னதில் பொய்யில்லை. அப்பா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நரம்புச்சிலந்தி நோய் இருந்தது. முக்கால் மீட்டர் நீளப் புழு காலில் கொப்புளம் வெடித்து வெளியே வரும். பிடித்து இழுத்தால் அறுந்து உள்ளே சீழ் வைக்கும். அதனால் குச்சியில் தினம் கொஞ்சமாகச் சுற்றி எடுப்பார்கள். அந்தக் காலோடு படிக்கிணற்றில் இறங்கினால் புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டுவிடும். அவற்றை ஒரு பொடி நீர்ப்பூச்சி விழுங்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்கு அடுத்த வருஷம் புழு. மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. படியை அடைத்துச் சுவர் எழுப்பி, மேலே நின்று இறைக்க வைக்க வேண்டும். அதுவரை துணியில் வடிகட்டிக் குடிக்க வேண்டும். ஊர்க்காரர்கள் லேசில் விடுவார்களா? “எங்க பாட்டன் எறங்குன கெணறுய்யா” என்று ஒரு பெரியவர் படியிலேயே உட்கார்ந்துகொண்டதை அப்பா இப்போதும் நடித்துக் காட்டுவார். இந்தியாவின் கடைசி நோயாளி 1996-இல் ராஜஸ்தானில். நாட்டில் அந்த நோய் ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்ததும் அப்பா ஓய்வு பெற்ற அதே 2000-இல்தான். அம்மா மட்டும் ஆர்.ஓ. தண்ணீரைக்கூட இன்னும் வெள்ளைத் துணியில் வடிகட்டுகிறாள்.

அழகர் ஆற்றில் இறங்குவதை அப்பாவோடு நின்று பார்த்த நினைவே எனக்கில்லை. நாங்கள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நசுங்குவோம். அவர் தல்லாகுளத்தில் ஏதாவதொரு நீர்மோர்ப் பந்தலில், தொட்டித் தண்ணீரைச் சின்னக் குப்பியில் பிடித்து ஆர்த்தோடொலிடின் சொட்டு விட்டுக்கொண்டிருப்பார். மஞ்சளானால் குளோரின் இருக்கிறது. ஆகாவிட்டால் பந்தல்காரர் பாடு திண்டாட்டம். ஒரு தடவை, சாமிக்குத் தண்ணீர் பீய்ச்சத் துருத்தியோடு நின்றவரிடமே “எங்க புடிச்ச தண்ணி?” என்று கேட்டிருக்கிறார். “அழகருக்கு வாந்திபேதி வராதுங்க டாக்டரய்யா” என்றாராம் அவர். “அவருக்கு வராதுப்பா, அண்ணாந்து வாயத் தெறந்துக்கிட்டு நிக்கிற சனத்துக்கு வரும்.”

இப்போது 83 வயது. என் மகள் எம்.பி.பி.எஸ். மூன்றாம் வருஷம், சமூக மருத்துவ வகுப்பில் தூக்கம் வருகிறது என்றாள். அவளைப் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு இழுத்துப் போனார். விட்டத்தையும் தண்ணீர் ஆழத்தையும் அளக்கணும், கொள்ளளவைப் போடணும், ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் பிளீச்சிங் பவுடர். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்ததை மட்டும் கிணற்றில் கலக்கணும். குறைந்தது ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது. ராத்திரி, கடைசி ஆள் இறைத்துவிட்டுப் போனபிறகு செய்தால் உத்தமம்.

“இதெல்லாம் பரீட்சையில வராது தாத்தா.”

“வராட்டிப் போகுது. டேப்போட அந்த முனைய நல்லாப் புடி.”