4845-இல் கேட்ட மலேசியா

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வால்வு ரேடியோவுக்கு இன்னும் நல்ல கிராக்கி. மரப்பெட்டியின் பளபளப்பைப் பார்த்து விலை பேசுகிறார்கள். அந்தப் பெட்டியில் என்ன கேட்டார்கள் என்று எவரும் விசாரிப்பதில்லை. எங்கள் கண்டனூர் வீட்டில் கேட்டதையாவது எழுதி வைக்கிறேன்.

கேட்டது மலேசிய வானொலியின் தமிழ் ஒலிபரப்பு. கோலாலம்பூரை அடுத்த காஜாங்கிலிருந்து அப்போது சிற்றலையில் வரும். 60 மீட்டர் பேண்ட், 4845 கிலோஹெர்ட்ஸ். பகலில் இரைச்சல்தான். பொழுது சாய்ந்ததும் வான்வெளியில் அலைகளை விழுங்கும் கீழடுக்கு கலைந்துவிடும். மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலை, கடலைத் தாண்டி வீட்டு நடுமுற்றமான வளவுக்குள் இறங்கும்.

ஐயா கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போய் மலேசியாவின் கிள்ளானில் இருந்தவர். அவர் ஊர் திரும்பிவிட்டார். அவர் தம்பி அங்கேயே தங்கிவிட்டார். கூடமான பட்டாலையில் ரேடியோ, அதிலிருந்து ஒரு செம்புக் கம்பி வளவின் திறந்த வானத்துக்குக் குறுக்கே எதிர்க்கூரை வரை போகும். குரல் மெல்ல ஏறி, அப்படியே தேய்ந்து, சீன வானொலியோ எதுவோ மேலே வந்து மூடும். ஐயா டயலில் விரலை வைத்தபடியே, "ஆத்தா, அந்தக் கம்பியைச் சித்த ஆட்டி விடு" என்பார். நான் ஓடுவேன்.

பாட்டு பெரும்பாலும் சென்னைப் பாட்டுதான், நமக்குத் தெரிந்தவைதான். ஐயா காத்திருந்தது பாட்டுக்கு முன்னால் வாசிக்கும் பெயர்களுக்காக. இன்ன தோட்டத்திலிருந்து இன்னார், அவர் மனைவி, பிள்ளைகள் என்று வரிசையாகப் போகும். சிரம்பான், ஈப்போ, தைப்பிங் என்று ஊர்ப் பெயர் வந்தால் ஐயா முகம் நிமிரும். ரப்பர் மரம் சீவிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் குடும்பங்களுக்காகப் பேசிய வானொலி அது. அங்கே எந்த ஊரில் வெள்ளம், எந்தக் கோயிலில் திருவிழா என்பதெல்லாம் எங்கள் வீட்டுக்கும் செய்தியானது இப்படித்தான்.

தீபகற்ப மலேசியா முன்பு நம்மைவிட 2 மணி நேரம் முந்தி இருந்தது. 1982 ஜனவரி 1 முதல் இன்னும் அரை மணி நேரம் முந்திக்கொண்டது. மலாயா நேரத்துக்கென்றே பட்டாலையில் மாட்டியிருந்த கடிகாரத்தின் முள்ளை ஐயா ஸ்டூலில் ஏறித் தானே தள்ளி வைத்தார். வேறு யாரையும் தொட விடவில்லை.

வானொலி மலாயா தொடங்கியது 1946 ஏப்ரல் 1 அன்று. தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28 அன்று வந்தது. பிறகு 1996-இல் ஆஸ்ட்ரோ என்ற கட்டணச் செயற்கைக்கோள் தொலைக்காட்சி. தமிழ் ஆட்சிமொழி அல்லாத அந்த நாட்டில் அரசு வானொலி தமிழுக்கென்று ஒரு முழு அலைவரிசையை இன்றுவரை நடத்துகிறது. இன்று அதன் பெயர் மின்னல் எஃப்எம். தமிழ் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில் ஒலி 96.8 வானொலி இருக்கிறது, வசந்தம் தொலைக்காட்சி இருக்கிறது. இவற்றில் சினிமாப் பாட்டுக்கு நடுவே உள்ளூர்ச் செய்தியும் உள்ளூர் ஆட்களின் பேச்சும் எவ்வளவு வருகிறது என்பதைத்தான் நான் கவனித்துக் கேட்கிறேன். பாட்டு எங்கும் கிடைக்கும். ஈப்போக்காரர் தன் ஊரைப் பற்றிப் பேசும் தமிழ் அங்கிருந்து மட்டுமே வரும். அதைக் குறைத்துப் பாட்டைக் கூட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

இப்போது மலேசிய அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம்மின் கிளிக் செயலியில் மின்னல் துல்லியமாகக் கேட்கிறது. காலைச் சமையலுக்கு அதைத்தான் போட்டுக்கொள்கிறேன்.

இதைப் படிக்கும் நம் ஊர்க்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். ரேடியோவோடு டேப் ரெக்கார்டரும் வைத்திருந்த வீடுகள் இங்கே நிறைய. பங்காளிகள் கூடி வீட்டை ஒதுக்கும்போது பழைய கேசட்டுகளை மூட்டை கட்டிப் போட்டுவிடாதீர்கள். ஒருமுறை ஓட விட்டுக் கேளுங்கள். மலேசிய அறிவிப்பாளர் குரல் எதிலாவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். நானே வந்து பிரதி எடுத்துக்கொண்டு கேசட்டைத் திருப்பித் தருகிறேன்.